சாக்லேட் பீரின் சரித்திரம்

உணவின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அரண்மனை விருந்துகளையும் கப்பல் வாணிபத்தையும் விரித்துரைப்பர். பயிரிட்டவனும், மூட்டை சுமந்தவனும், கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்கிக் குடித்தவனும் அந்நூல்களில் இடம் பெறுதல் அரிது. அவன் நாவில் நின்ற சுவை யாது என்று அவனை ஒருவரும் கேட்டதில்லை. சென்ற தீபாவளியன்று நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் இக்குறையை நமக்கு உணர்த்திற்று.

ஜொகூரில், கூலாய்க்கு அருகிலுள்ள செம்பனைத் தோட்டமொன்றில் நாம் கிராணியாக இருந்து வருகிறோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் அத்தான், பண்டிகைக்கு வந்தபோது இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்தார். பல நாடுகளிலும் பீர் விற்கும் பெரிய கம்பெனி ஒன்றின் சரக்கு அது. 'சாக்லேட் லாகர்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டு, கீழே சாக்லேட் துண்டுகளின் படமும் போட்டிருந்தனர். கூடத்து மேசைமீது அவை இருக்கக் கண்ட அத்தானின் மகன், எட்டு வயதுச் சிறுவன், "மாமா, இது பாட்டிலில் வரும் மைலோவா? எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்" என்று கை நீட்டினான். அது சிறுவர் குடிப்பதன்று என்றோம். "அப்படியானால் சாக்லேட் என்று ஏன் எழுதியிருக்கிறார்கள்?" என்றான் அவன்.

நமக்கு விடை தெரியவில்லை. ஆங்கிலம் வாயிலாகக் கல்வி கற்று, அந்த லேபிளின் ஒவ்வொரு சொல்லையும் படிக்க வல்ல நமக்கே தெரியவில்லை என்பதில் வெட்கமும் உண்டாயிற்று. ஒரு குழந்தையின் கேள்விதானே என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. தேடிப் பார்த்ததில், அக்கேள்விக்குரிய விடை இருநூறு ஆண்டுச் சரித்திரத்தில் அடங்கியிருக்கக் கண்டோம். அதனையே இங்கு வாசகர்முன் வைக்கிறோம்.

நாவின் சாட்சி

முதலில் நாவின் வாக்குமூலத்தைப் பதிவு செய்வோம். சிறுவர் உறங்கியபின் ஒரு புட்டியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயும், மற்றொன்றை அறைச் சூட்டிலேயே வைத்தும் திறந்தோம். மிகுந்த குளிர்ச்சி நாவை மரக்கச் செய்யுமாதலின், ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் நியாயமன்று.

குளிர்ந்த பீர், கண்ணாடிக் குவளையில் கோப்பி-ஓ போல் கறுத்துத் தோன்றிற்று. விளக்குக்கு நேரே பிடித்தால் ஓரங்களில் செம்மை ஓடிற்று. பழுப்பு நுரை எழுந்து விரைவில் அடங்கியது. முகர்ந்தால் புதிய மைலோ டின்னைத் திறந்தாற்போன்ற மணம். வாயில் இட்டவுடன் இனிப்பும், நடுவில் நீர்த்தன்மையும், விழுங்கியபின் அடித்தொண்டையில் இலேசான கருகல் கசப்பும் தோன்றின. சூடாறாத இரண்டாம் புட்டியிலோ இரகசியம் வெளிப்பட்டது. சாக்லேட் மணம் மேலே தனியாகவும், வாற்கோதுமையின் ரொட்டிச் சுவை கீழே தனியாகவும் நின்றன, ஒன்றோடொன்று கலக்கவில்லை. மேலே நின்ற மணம், பெட்டிக்கடை மிட்டாயில் வரும் வெனிலா எசன்சை ஒத்திருந்தது. அப்பானத்தில் நமக்குப் பிடித்தது இறுதியில் வந்த அந்தக் கருகல் கசப்பொன்றே என்பதை மறைக்காமல் சொல்லுகிறோம். அது நேர்மையான சுவை. குளுவாங் ரயில் நிலையத்தில் 1938 முதல் நடந்துவரும் காப்பிக் கடையில் ஒரு கிண்ணம் கறுப்புக் காப்பி குடித்தவர்கள் அதனை நன்கறிவர்.

மறுநாட் காலையில் சர்க்கரையற்ற கொக்கோத் தூளை வெந்நீரில் கரைத்துப் பருகிப் பார்த்தோம். துவர்ப்பும் கொழுப்பும் புளிப்பும் கூடிய அச்சுவைக்கும் முந்திய இரவு பருகியதற்கும் உறவு மிகக் குறைவாகவே இருந்தது.

நம் தாயார் மதுவைத் தொடுபவரல்லர். எனினும் குவளையை முகர்ந்து பார்க்குமாறு வேண்டினோம். முகர்ந்தவர் இரண்டே வாக்கியங்கள் சொன்னார்: "இதில் கொக்கோப் பெட்டி வாசனை இல்லை, தம்பி. இது எனக்குப் பிள்ளை பெற்றபோது கொடுத்த கறுப்பு மருந்து, சர்க்கரை போட்டிருக்கிறார்கள்."

இவ்விரு வாக்கியங்களும் முழு உண்மை என்பதை நூல்களைப் புரட்டியபின்னரே நாம் அறிந்தோம்.

வரியும் வறுத்தலும்

பீர் என்பது வாற்கோதுமையை முளைகட்டி, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஈஸ்ட்டினால் புளிக்கச் செய்த பானம். முளைகட்டி உலர்த்திய தானியத்துக்கு மால்ட் என்று பெயர். இலண்டன் சுமைகூலிகள் விரும்பிக் குடித்த 'போர்ட்டர்' என்னும் கறுத்த பீர், 18ஆம் நூற்றாண்டில் விறகுத் தீயில் உலர்த்திய பழுப்பு மால்ட்டினால் செய்யப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி பீர் ஆலைகளுக்குள் நுழைந்தது. அதனால் அளந்து பார்த்த முதலாளிகள், வெளிர் மால்ட்டிலிருந்து கிடைக்கும் சர்க்கரைச் சத்துப் பழுப்பு மால்ட்டினும் மிகுதி என்று கண்டனர். மால்ட்டுக்கு வரி கடுமையாக இருந்த காலம் அது. ஆகவே வெளிர் மால்ட்டுக்கு மாறினர். செலவு குறைந்தது, ஆனால் கறுப்பு நிறமும் போயிற்று.

நிறம் போனால் வாங்குபவன் ஏற்பானா? ஆகவே கருக்கிய சர்க்கரையும், வேறு கலப்படங்களும் பீப்பாய்களில் ஏறின. 1816இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட், மால்ட்டும் ஹாப்சும் அன்றி வேறெதனையும் கொண்டு பீருக்கு நிறமூட்டலாகாது என்று சட்டம் செய்தது. மறு ஆண்டிலேயே, 1817இல், டேனியல் வீலர் என்பவர் காப்பிக் கொட்டை வறுப்பதுபோல் இரும்பு உருளையிலிட்டு மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குத் தனியுரிமை பெற்றார். அவ்வாறு வறுத்த மால்ட் சிறிதளவு சேர்த்தாற் போதும்; பீர் முழுவதும் கறுத்துவிடும். சட்டமும் மீறப்படவில்லை, செலவும் ஏறவில்லை.

அந்தக் கறுப்பு மால்ட்டின் தம்பிதான், சற்றுக் குறைவாக வறுக்கப்பட்ட 'சாக்லேட் மால்ட்'. அதன் நிறமும் மணமும் சாக்லேட்டை ஒத்திருத்தலின் அப்பெயர் வந்ததேயன்றி, அதில் கொக்கோ ஓர் அணுவும் இல்லை. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மையார் 1912இல் விளக்கிய இரசாயன மாறுதல் ஒன்று உண்டு. சர்க்கரையும் புரதத்தின் மூலக்கூறுகளும் சூட்டில் கூடும்போது பழுப்பு நிறமும் வறுத்த மணமும் பிறக்கின்றன என்பதே அது. காப்பிக் கொட்டை, கொக்கோ விதை, மால்ட், நம் வீட்டுத் தோசையின் முறுகிய ஓரம் ஆகிய அனைத்திலும் அதுவே நிகழ்கிறது. ஆகவே கருகிய தானியம் சாக்லேட்டை நினைவூட்டுதல் இயற்கை. ஆனால் நினைவூட்டுதல் வேறு. அதுவாகவே இருத்தல் வேறு.

சில ஆலைகள் இரண்டையும் சேர்ப்பதுண்டு. இங்கிலாந்தின் யங்ஸ் ஆலையின் பெயரால் வரும் 'டபுள் சாக்லேட் ஸ்டவுட்' என்பதில் சாக்லேட் மால்ட்டோடு மெய்யான சாக்லேட்டும் சேர்கிறது. அதனாலேயே அதற்கு இரட்டைப் பெயர்.

குளிர்ந்த பீரின் வெற்றி

லாகர் என்ற சொல், 'சேமித்து வை' என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. குளிரில் மெல்லப் புளித்து, பல வாரம் குளிரிலேயே தங்கித் தெளிவது லாகர். அது தொடக்கத்தில் கறுத்த பானமாகவே இருந்தது. 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் யோசப் குரோல் என்பவர் வெளிர் மால்ட்டைக் கொண்டு பொன்னிற லாகர் காய்ச்சினார். பின்னர்க் குளிரூட்டும் இயந்திரம் வந்தது; 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் தூய ஈஸ்ட்டைத் தனித்து வளர்த்துக் காட்டினார். அதன்பின் எந்த நாட்டிலும் எந்த வெயிலிலும் ஒரே சுவையுள்ள பீரைக் கோடிக்கணக்கில் செய்வது கைகூடிற்று.

நம் பக்கத்திலும் அவ்வாறே. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் மலாயன் புருவரீஸ் கம்பெனி 1932இல் டைகர் பீரை வெளியிட்டது. மறு ஆண்டில் ஜெர்மானியர் தொடர்புடைய ஆர்க்கிபெலாகோ ஆலை ஆங்கர் பீரைக் கொண்டுவந்தது. மலேசிய மண்ணில் கின்னஸ் ஆலை சுங்கைவேயில் 1965இலும், கார்ல்ஸ்பெர்க் ஆலை ஷா ஆலாமில் 1972இலும் இயங்கத் தொடங்கின.

ஆயின் இந்தப் பொதுச் சுவையிலேயே ஒரு சங்கடமும் உண்டு. எல்லாக் கம்பெனியின் லாகரும் ஏறத்தாழ ஒரே சுவையாகிவிட்டால், எதைச் சொல்லி விற்பது? வெள்ளைத் துணியில் எந்தச் சாயமும் ஏறும். சுவை மெலிந்த லாகரில் எந்த எசன்சும் ஏறும். 1855இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிரெடரிக் மில்லர் தொடங்கிய ஆலையின் வழிவந்த பெருங்கம்பெனி, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவர் பெயரையே இட்டுச் சாக்லேட் லாகர் ஒன்றை விற்றுப் பார்த்தது. நம் மேசைக்கு வந்த புட்டியும் அவ்வகையைச் சேர்ந்ததே.

கறுப்பு மருந்து

இனி நம் தாயாரின் வாக்கியங்களுக்கு வருவோம். 'கறுப்பு மருந்து' என்று அவர் சொன்னது ஸ்டவுட் என்னும் கறுத்த பீரை. கருக வறுத்த தானியமே அதன் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம். 1929இல் இங்கிலாந்தில் கின்னஸ் கம்பெனி தன் முதற் பெரிய விளம்பர இயக்கத்தைத் தொடங்கியபோது, 'கின்னஸ் உமக்கு நல்லது' என்னும் வாசகத்தையே முன்வைத்தது. மலாயாவிலோ, பிள்ளை பெற்ற தாய்க்குக் கறுத்த பீர் இரத்தம் ஊறச் செய்யும் என்னும் நம்பிக்கை சீனரிடத்தும் நம்மவரிடத்தும் வேரூன்றியிருந்தது. கறுப்பாக இருப்பதால் இரும்புச் சத்து மிகுதி என்று எண்ணினர். உண்மையில் அதிலுள்ள இரும்பு மிக அற்பம். முருங்கைக்கீரையும் ஈரலும் கொடுப்பதில் ஒரு சிறு பங்கும் அன்று. நம் தமக்கை பிறந்தபோது தாயாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு குடிக்குமாறு கொடுத்தனர். கொடுத்தவர்கள் அன்பினாலேயே கொடுத்தனர். அறிந்து தீங்கு செய்தவர் எவருமிலர்.

அதற்கு முந்திய தலைமுறைக்கு வந்த பானம் கள். புட்டியில் அடைத்த பீர் துரைமார்க்கும் நகரத்தார்க்கும் உரியதாயிருக்க, தொழிலாளிக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடையே வாய்த்தது. விடியலில் இறக்கினால் இனிப்பு, உச்சி வேளையில் புளிப்பு, மாலையில் மயக்கம். அதற்கு லேபிள் இல்லை. ஆயினும் அதற்கும் ஒரு நல்ல பெயர் சூட்டப்பட்டிருந்தது. தோட்டக் கள்ளுக்கடையின் இலாபம் தொழிலாளர் நலத்துக்கென்று வைக்கப்படுவதாகக் கூறினர். குடிப்பவன் தன் நலத்துக்கே குடிக்கிறான் என்றாயிற்று! இந்த நியாயத்தை நம்மவர் ஏற்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 1947 பிப்ரவரி 28ஆம் நாள் கெடாவில், பீடோங் நகரில், தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலுக்குச் சென்றபோது போலீசாரோடு மோதல் நேர்ந்து ஓர் உயிரும் போயிற்று. எழுத்தறியாதவர் என்று இகழப்பட்ட தொழிலாளிகள், லேபிளில்லாத ஒரு பொய்யை வாசித்தறிந்தார்கள் என்பதே அதன் பொருள்.

மூன்று தலைமுறைக்கு மூன்று பெயர்கள்: பாட்டனாருக்கு நலம், தாயாருக்கு மருந்து, சிறுவனுக்குச் சாக்லேட். பின் இரண்டிலும் உள்ளே இருந்தது ஒரே கருகிய தானியம்.

கொக்கோப் பெட்டியின் வாசனை

தாயாரின் மற்றொரு வாக்கியம் நிற்கிறது. 1980க்குப் பின்வந்த ஆண்டுகளில் அவர் பத்து பகாட் பக்கம், தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ வைத்திருந்த தோட்டமொன்றில் காய் உடைக்கும் வேலை பார்த்தவர். மலாக்காவில் 1778இலேயே கொக்கோ மரம் இருந்ததாகக் குறிப்புண்டு. எனினும் அது பெரும் பயிரானது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். 1990இல் மலேசியாவின் விளைச்சல் ஏறத்தாழ 247,000 டன். உலகில் முன்னணியில் நின்ற நாடுகளுள் நம் நாடும் ஒன்று. பின்னர் விலை வீழ்ந்தது, காய்த்துளைப்பான் பூச்சி பெருகிற்று, செம்பனை இலாபகரமாயிற்று. கொக்கோ மரங்கள் வெட்டப்பட்டன. இன்று விளைவது அதன் ஒரு சிறு கூறே. ஆயினும் அரைக்கும் தொழில் நிலைத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் கொக்கோ விதைகள் நம் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் அரைபடுகின்றன.

காயை உடைத்தவுடன் விதை சாக்லேட் மணம் வீசுவதில்லை. வெள்ளைச் சதை மூடிய கசப்பு விதை அது. சதையோடு மரப்பெட்டிகளில் குவித்து, வாழையிலையோ சாக்கோ போட்டு மூடி, இடையிடையே கிளறி, ஐந்தாறு நாள் புளிக்கவிட வேண்டும். முதலில் ஈஸ்ட், சதையின் சர்க்கரையைச் சாராயமாக்கும். பின்னர் அச்சாராயம் காடியாகும். அந்தக் காடியும் சூடும் விதைக்குள் இறங்கியபின்னரே, வறுக்கும்போது சாக்லேட் மணம் பிறத்தற்குரிய பொருள்கள் உண்டாகின்றன. புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் வாராது. "இரண்டாம் நாள் பெட்டியைத் திறந்தால் கள்ளுக்கடை வாசனை வரும், அப்புறம் கண்ணை எரிக்கும்" என்று தாயார் சொல்வதுண்டு. நூலில் படித்த இரசாயனம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருக்கக் கண்டோம். தம் கையால் கிளறிய விதையினின்று வந்த சாக்லேட்டை அவர் ஒருநாளும் உண்டவரல்லர். எனினும் சாக்லேட்டின் பிறப்பிடத்து மணத்தை அவர் மறக்கவில்லை. அம்மணம் குவளையில் இல்லை என்று அவர் உரைத்தது நிபுணரின் சாட்சியமன்றோ?

சாக்லேட்டுக்கும் மதுவுக்கும் உறவே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. மத்திய அமெரிக்காவின் ஹாண்டுராஸ் நாட்டில், புவெர்த்தோ எஸ்கோந்தீதோ என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த மட்பாண்டங்களில், கி.மு. 1100க்கு முன்னரே கொக்கோப் பானம் வைத்திருந்த தடயத்தை ஆய்வாளர்கள் கண்டு 2007இல் வெளியிட்டனர். கொக்கோச் சதையைப் புளிக்கவைத்த மதுவாகவே அது இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அவ்வகையில் கொக்கோ மது சாக்லேட்டினும் மூத்தது. ஈஸ்ட்டும் நெருப்புமே சாக்லேட்டையும் கறுத்த பீரையும் ஆக்குவன. உண்மை உறவு அங்கே இருக்கிறது; புட்டியின் படத்தில் இல்லை.

சிறுவனுக்குரிய விடை

இவ்வளவும் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். சொல் ஒன்றைப் பற்றியே நம் கவலை. சாக்லேட் என்பது நம் வீடுகளில் குழந்தைக்குரிய சொல். 1934இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த மைலோவும் மால்ட்டும் கொக்கோவும் கலந்ததே. அது தோட்டத்து வீடுகளிலெல்லாம் புகுந்திருப்பதால், மால்ட் மணமும் கொக்கோ மணமும் கூடினால் குழந்தை தன் காலைக் கிண்ணத்தையே நினைக்கிறது. அந்த நினைவைப் புட்டியின்மேல் ஒட்டும்போது, குடிப்பழக்கத்துக்கு ஒரு மென்மையான வாயில் திறக்கப்படுகிறது. மலேசியாவில் மது வாங்குவதற்குரிய வயது 2017 டிசம்பர் முதல் 21ஆக உயர்த்தப்பட்டது. நல்ல சட்டமே. ஆனால் இனிப்பின்மேல் ஆசை எட்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

நாவை மட்டும் நம்பியிருக்கவும் இயலாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏழைத் தொழிலாளிகளே அவர்களுட் பெரும்பாலோர். அந்த நஞ்சைச் சுவையால் பிரித்தறிய எவராலும் முடியாது. ஆதலின் நாவும் வேண்டும். எழுத்தை ஐயுற்று வாசிக்கும் அறிவும் வேண்டும்.

குடிப்பவரைத் தூற்றுதல் நமது நோக்கமன்று. அத்தானும் நாமும் அன்று குடித்தோம் என்பதை மேலேயே எழுதியுள்ளோம். வளர்ந்த ஒருவர் தாம் குடிப்பது இன்னதென்று அறிந்து அளவோடு குடிப்பாராயின் அது அவர் பொறுப்பு. ஆனால் அறியாமல் குடிக்கச் செய்தல் வஞ்சனை. அவ்வஞ்சனை நம் மக்களுக்கு மூன்று தலைமுறையாக இழைக்கப்பட்டு வருகிறது. பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிக்கும் நாம், வீட்டில் ஒரு டின்னின், ஒரு புட்டியின் லேபிளை எடுத்து, இதில் இருப்பது யாது, இல்லாதது யாது, இப்பெயர் எதனால் வந்தது என்று அவர்களோடு உட்கார்ந்து வாசித்தல் வேண்டும். அதற்குப் பெரிய சங்கமோ நிதியோ வேண்டியதில்லை.

பொங்கலுக்குச் சிறுவன் மீண்டும் வந்தபோது நாம் அவனைப் பாட்டியிடம் அழைத்துச் சென்றோம். கொக்கோக் காயை எப்படி உடைப்பது, பெட்டியில் எப்படிக் கிளறுவது என்று அவர் கைகளாலேயே காட்டினார். முடிவில் அவன், "அப்படியானால் அந்தப் பாட்டிலில் சாக்லேட் இல்லையா, பாட்டி?" என்று கேட்டான். "பேர் இருக்கிறது, ஐயா" என்றார் அவர்.